பொடிச் சங்குகளின் கணக்கு

பாம்பன் பக்கம் கடலோரத்தில் சிப்பிமாலை விற்கும் பெண்மணி ஒருவர், கடையைத் திறந்ததும் சங்குகளை இனம் பிரித்துக் குவித்துக்கொண்டிருந்தார். பால்சங்கு ஒரு குவியல், ஐவிரல் சங்கு ஒரு குவியல், முள்ளுச்சங்குக்கு ஒரு கூடை, சோழிக்கு ஒரு தட்டு. ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிப் பெயர் சொன்னார். குவியல்களுக்கு அடியில் விரித்திருந்த சாக்கில், உதிர்ந்த மணலோடு சேர்ந்து கடுகும் ரவையுமாகச் சில துணுக்குகள் கிடந்தன. குனிந்து பார்த்தால் அவையும் சங்குகள்தாம். “இதுக்கு என்னம்மா பேரு?” என்று கேட்டேன். “அதுக்கெல்லாம் பேரு கிடையாதுய்யா. பொடின்னு சொல்லுவோம்” என்றார்.

அந்தச் சாக்கிலிருந்து ஒரு தேக்கரண்டி பொடியைக் கேட்டு வாங்கி வந்தேன். வெள்ளைத் தாளில் பரப்பி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை வைத்துப் பார்த்தபோது மூச்சு ஒரு கணம் நின்றது. கோபுரம் போல அடுக்கடுக்காக உயர்ந்த ஒன்று. அதன் மொத்த உயரம் அரை நெல்மணி இருக்கும். வண்டிச் சக்கரம் போலத் தட்டையாகச் சுருண்ட இன்னொன்று. கண்ணாடியில் வார்த்தாற்போல ஒளி ஊடுருவும் ஒன்று. விரல்நகத்தில் கால்வாசிகூட இல்லாத ஒரு சிப்பியின் பாதி; அதன் நெற்றியில் கம்மியர் துளையிட்டது போல வட்டமான ஓர் ஓட்டை. வேட்டைச் சங்கு ஒன்று ஓட்டைக் குடைந்து உள்ளிருந்த சதையைத் தின்ற தடம் அது. குண்டூசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பிரித்ததில் இருபதுக்கும் மேற்பட்ட வடிவங்கள் சேர்ந்தன. அதற்குள் கண் சோர்ந்துவிட்டது. தாளில் பாதிப் பொடி தொடாமலே இருந்தது.

கைக்கும் வாய்க்கும் உதவுகிறவற்றுக்குத்தான் நாக்கு பெயர் வைக்கிறது. ஊதுவதற்கும் வளையல் அறுப்பதற்கும் சங்கு, முத்துக்குச் சிப்பி, தாயத்துக்குச் சோழி, குழம்புக்குக் கணவாய். இந்த நான்கும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை என்பதைக்கூட நாம் அதிகம் யோசிப்பதில்லை. எலும்பில்லாத மெத்தென்ற உடல், பெரும்பாலானவற்றுக்கு அதன்மேல் சுண்ணாம்பு ஓடு. உயிரியலார் இவற்றை மெல்லுடலிகள் என்கிறார்கள். பூச்சிகளும் நண்டுகளும் அடங்கிய கணுக்காலிகளுக்கு அடுத்தபடியாக விலங்குலகின் இரண்டாவது பெரிய தொகுதி இதுதான். கடலில் வாழ்பவற்றில் மட்டும் ஏறக்குறைய 43,600 இனங்களுக்குப் பெயர் சூட்டப்பட்டிருப்பதாக அமெரிக்க ஆய்வாளர் கேரி ரோசன்பெர்க் 2014-இல் கணக்கிட்டார். அது பெயர் பெற்றவற்றின் தொகை. பொடியாகவே கிடப்பவை எத்தனை?

இந்தக் கேள்வியை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் பிலிப் பூஷே. பாரிஸிலுள்ள தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கடல் உயிரியலாளர். உலகக் கடல் முழுவதையும் துழாவி எண்ணுவது நடவாத காரியம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு துண்டுக் கடலை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு மூலையையும் விடாமல், எந்த அளவிலான உயிரையும் ஒதுக்காமல் தேடிப் பார்த்தால் என்ன கிடைக்கும்? வெப்பமண்டலக் கடலோரத்தில் அப்படி ஒரு கணக்கை அதுவரை யாரும் ஒழுங்காக எடுத்திருக்கவில்லை.

மெல்லுடலிகளை வைத்து இந்தக் கணக்கைப் போடுவதில் ஒரு வசதி உண்டு. புழுவோ கடற்பஞ்சோ செத்தால் சில நாட்களில் தடமின்றிக் கரைந்துவிடும். சங்கும் சிப்பியும் செத்த பிறகும் ஓட்டைச் சாட்சியாக விட்டுச் செல்கின்றன. உயிரோடு கையில் அகப்படாத ஒன்று, வெற்று ஓடாகவாவது மணலில் கிடைக்கும். ஓட்டின் வடிவமும் வரியும் நிறமும் இனத்தை அடையாளம் காட்டும். கடல் தானே எழுதி வைத்திருக்கும் வருகைப் பதிவேடு அது.

அவர் தேர்ந்தெடுத்த இடம், தென்மேற்குப் பசிபிக்கில் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட நியூ கலிடோனியா. முதன்மைத் தீவைச் சுற்றி மதில் போல நீண்ட பவளத்திட்டு. திட்டுக்கும் கரைக்கும் நடுவே அலை அடங்கிய, ஆழம் குறைந்த விரிந்த கடல். மேற்குக் கரையில் கூமாக் என்ற சிற்றூரை ஒட்டி 295 சதுர கிலோமீட்டர் பரப்பை எல்லை கட்டினார்கள். இன்றைய சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர்; அதைவிடச் சிறிய இடம். அதற்குள் 42 இடங்களைக் குறித்துக்கொண்டு 1993-இல் தேடலைத் தொடங்கினார்கள்.

சங்கு பொறுக்குவது என்றால் முழுகிக் கையால் எடுப்பது என்றே நமக்குத் தோன்றும். அதையும் செய்தார்கள். ஆனால் கண்ணும் கையும் சேர்ந்து பெரியவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் வழக்கமுடையவை. ஆகவே ஒவ்வொரு வகை இருப்பிடத்துக்கும் ஒவ்வொரு வழி தேவைப்பட்டது. பவளக் கற்களை நீருக்கடியிலேயே நெருக்கமான வலை விரித்த கூடையின்மேல் பிடித்து, தூரிகையால் எல்லாப் பக்கமும் தேய்த்தார்கள். பொந்துகளில் ஒட்டியிருந்தவை கூடையில் உதிர்ந்தன. காற்றழுத்தத்தால் இயங்கும் உறிஞ்சுகுழாயைக் கடலடியில் பிடித்து, மணலையும் அதில் புதைந்திருந்தவற்றையும் பைக்குள் இழுத்தார்கள். முழுக முடியாத ஆழங்களில் படகின் பின்னால் இரும்புச் சட்டம் பொருத்திய வாரியைக் கட்டி இழுத்தார்கள். பகலில் கல்லுக்கடியில் ஒளிந்து இரவில் இரை தேடுகிறவை நிறைய உண்டு என்பதால் இரவிலும் விளக்கோடு இறங்கினார்கள்.

உண்மையான உழைப்பு அதன் பிறகுதான் ஆரம்பம். வந்து சேர்ந்த மணலையும் கற்பொடியையும் அரிசி புடைப்பது போல ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிய சல்லடைகளில் சலிக்க வேண்டும். மேல் சல்லடையில் தங்கியதைக் கண்ணால் பார்த்துப் பிரிக்கலாம். கீழே சேரும் மாவு போன்றதைச் சிறு சிறு கரண்டியாகக் கண்ணாடித் தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்து, வேறுபட்டதைத் தனிக் குப்பியில் போட்டு, இடம், ஆழம், தேதி எழுதிய சீட்டை உள்ளே வைக்க வேண்டும். சீட்டில்லாத சங்கு ஊமை. எங்கிருந்து வந்தது என்று அதனால் சொல்ல முடியாது. ஆளும் நாளும் பெருக்கிப் பார்த்தால் களப்பணி மட்டுமே 400 ஆள்நாட்களைத் தாண்டியது.

பூஷேயும் அவருடைய மூன்று சகாக்களும் 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சின்னப் பரப்பில் கிடைத்த மெல்லுடலி இனங்கள் 2,738.

இந்த எண்ணின் கனம் ஒப்பிட்டால்தான் புரியும். மத்தியதரைக் கடலின் பரப்பு ஏறத்தாழ 25 லட்சம் சதுர கிலோமீட்டர். அதன் கரைகளில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய இயற்கையியலார் சங்கு பொறுக்கிப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அந்த முழுக் கடலுக்கும் அறியப்பட்டிருந்த மெல்லுடலி இனங்கள் ஏறக்குறைய 2,000. அதைவிட எட்டாயிரம் மடங்கு சிறிய கூமாக் கடல்துண்டில் அதைக் காட்டிலும் அதிக இனங்கள். உலகில் இதே அளவுள்ள வேறெந்த இடத்திலிருந்தும் பதிவானவற்றைவிட இது பல மடங்கு.

தொகையைவிட அதன் உள்விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கிடைத்த இனங்களில் 33.5 விழுக்காடு, முழு வளர்ச்சி அடைந்த பிறகும் 4.1 மில்லிமீட்டரைத் தாண்டாதவை. மூன்றில் ஒன்று, பாம்பன் கடைக்காரரின் கணக்கில், பொடி. இவை பெரிய சங்குகளின் குஞ்சுகள் என்று நினைத்துவிடக் கூடாது. முட்டையிட்டு, இரை தேடி, துணை தேடி, தம் ஆயுளை அந்த நான்கு மில்லிமீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிப்பவை.

அடுத்த விவரம் இன்னும் ஆழமானது. 2,738 இனங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு, அத்தனை உழைப்புக்கும் பிறகு, கிடைத்தது ஒரே ஓர் ஓடு. 400 ஆள்நாட்கள் தேடியும் இரண்டாவது மாதிரி அகப்படவில்லை.

ஒரே ஒருமுறை கண்ணில் பட்டது என்பதன் பொருள் என்ன? மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போய், வருகிறவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி ஊர்ப்பெயர் கேட்டு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேரைக் கேட்டு முடித்த பிறகு, எழுதிய ஊர்களில் எல்லாமே ஐந்து முறை, பத்து முறை என்று திரும்பத் திரும்ப வந்திருந்தால், சந்தைக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் அநேகமாக எல்லாம் உங்கள் பட்டியலில் வந்துவிட்டன என்று நம்பலாம். பட்டியலில் ஐந்தில் ஓர் ஊர் ஒரே ஒருமுறைதான் வந்திருக்கிறது என்றால் கதை வேறு. தொடர்ந்து கேட்டுக்கொண்டே போனால் புதிய ஊர்ப்பெயர்கள் வர நல்ல வாய்ப்பிருக்கிறது. ஒருமுறை மட்டும் வந்தவற்றின் தொகை, இன்னும் வராதவற்றின் நிழல். தைவான் புள்ளியியலாளர் ஆன் சாவ், ஒருமுறை கண்டவற்றையும் இருமுறை கண்டவற்றையும் கொண்டு, காணாதவை குறைந்தது எத்தனை இருக்கும் என்று மதிப்பிடும் வழியை 1984-இல் வகுத்தார். இன்று பல்லுயிர்க் கணக்கில் அது அன்றாடக் கருவி.

கூமாக்கின் உண்மையான எண் 2,738-ஐவிடப் பெரியது என்று இதனால்தான் உறுதியாகச் சொல்ல முடிகிறது. அதோடு, இனங்களில் 32 விழுக்காடு 42 இடங்களில் ஒரே ஓர் இடத்தில் மட்டுமே கிடைத்தன. அவை வேறெங்கும் இல்லவே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் திட்டின் இந்த ஓரத்தில் இருப்பது அந்த ஓரத்தில் இருக்கும் என்று எண்ணிவிட முடியாது என்பதை அது அழுத்தமாகச் சொல்கிறது. சுமார் 300 கிலோமீட்டர் கிழக்கே உள்ள லீஃபூ தீவிலும் பூஷேயின் குழு தேடியது. அங்கும் அதேபோன்ற செழிப்பு. ஆனால் இரண்டு இடங்களுக்கும் பொதுவானவை 36 விழுக்காடுதான். கூமாக் இருப்பது ஆறுகளும் அலையாத்திக் காடுகளும் உள்ள பெரிய தீவின் கரையில். லீஃபூ, கடலடியிலிருந்து உயர்ந்து வந்த பவளச் சுண்ணாம்புத் தட்டு. ஆறே கிடையாது, அதனால் நீர் தெளிந்திருக்கும். சேற்றில் வாழப் பழகியதும் தெளிநீரில் வாழப் பழகியதும் வேறு வேறு.

ஒரே கடலில் இத்தனை இனங்கள் எப்படிப் பிழைக்கின்றன? என் தாளில் கிடந்த பொடியே இதற்கு ஒரு பதில் வைத்திருந்தது.

பிரித்து வைத்த இருபது வடிவங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றுக்கு எதிர்ப்புறமாகச் சுற்றியிருந்தது. சங்கின் கூர்முனையை மேலே வைத்து வாயை நம் பக்கம் திருப்பிப் பிடித்தால், சாதாரணச் சங்கின் வாய் நம் வலக்கைப் பக்கம் இருக்கும். நம் வழக்கில் அது இடம்புரி. வாய் இடக்கைப் பக்கம் இருந்தால் வலம்புரி. பால்சங்கில் வலம்புரி மிக மிக அபூர்வம். அதனால்தான் அதற்குக் கோயில்களில் அத்தனை மதிப்பு. பொடிச் சங்குகளிலோ டிரைஃபோரிடே என்றொரு குடும்பம் இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் ஏறக்குறைய எல்லாமே பிறவியிலேயே வலம்புரி. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்கூட வளராத, மணி கோத்தாற்போன்ற வரிகளுடைய ஒல்லியான சங்குகள். இவற்றின் உணவு கடற்பஞ்சு. பஞ்சின் துளைக்குள் நீண்ட மூக்கை நுழைத்து, அரம் போன்ற நாக்கால் திசுவைச் சுரண்டித் தின்கின்றன. கடற்பஞ்சிலேயே ஆயிரக்கணக்கான இனங்கள் இருப்பதால், அதைச் சார்ந்து பிழைக்கிறவையும் பெருகிக் கிளைத்திருக்கின்றன.

யூலிமிடே என்ற இன்னொரு குடும்பத்தினர் பளபளவென்று ஊசி போன்றவர்கள். நட்சத்திர மீன், கடல் அட்டை, கடல் முள்ளெலி ஆகியவற்றின் உடலில் ஒட்டிக்கொண்டு அவற்றின் சாற்றை உறிஞ்சி வாழ்கிறார்கள். கடல் அட்டையின் தோலே ஒரு சங்குக்கு முழு உலகம். உருவம் சிறுத்தால் உலகம் பெருக்கிறது. நமக்கு ஒரு கல்லாகத் தெரிவது அதற்கு ஒரு மலை, அதன் ஒவ்வொரு பள்ளமும் தனி ஊர். சிற்றுருவங்களில் இனங்கள் குவிந்திருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

இன்னொரு காரணம் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பியைப் பாருங்கள். அதன் குஞ்சு சுமார் மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து திரிந்த பிறகுதான் ஓரிடத்தில் ஒட்டும். எங்கோ இட்ட முட்டை எங்கோ குடியேறும். முத்துப் பார்கள் சில ஆண்டுகள் நிறைந்து வழிவதும் பிறகு பல ஆண்டுகள் வெறிச்சோடுவதும் இந்த அலைச்சலோடு தொடர்புடையவை. பால்சங்கின் வழி நேர்மாறானது. தாய்ச்சங்கு ஆட்டுக்கொம்பு போல முறுக்கிய கூட்டை மணலில் நட்டு, அதன் அறைகளில் முட்டையிடுகிறது. மிதந்து திரியும் பருவமே இல்லை. கூட்டுக்குள்ளேயே வளர்ந்து, சிறு சங்காக ஊர்ந்து வெளியே வருகிறது குஞ்சு. பிறந்த மண்ணை விட்டு அது வெகுதூரம் போவதில்லை. இந்திய, இலங்கைக் கடல்களின் சொந்தச் சங்காக அது இருந்துவருவதற்கு இது பொருத்தமான விளக்கம்.

இப்படி நகராமல் வாழும் இனங்களில் ஒவ்வொரு குடாவின் கூட்டமும் தனிப்பட்டுப் போகும். காலம் கூடக்கூடத் தனி இனமாகவும் ஆகிவிடும். அழகு என்னவென்றால், ஒரு சங்கு குழந்தைப் பருவத்தை எப்படிக் கழித்தது என்பதை அதன் ஓட்டிலேயே படிக்கலாம். கூர்முனையில் இருக்கும் முதல் சுற்றுகள்தான் அது குஞ்சாக இருந்தபோது கட்டிய வீடு. அங்கே சிறுசிறு சுற்றுகள் பல இருந்தால், அது கடலில் மிதந்து இரையுண்டு வளர்ந்தது. ஒன்றிரண்டு பருத்த சுற்றுகளே இருந்தால், முட்டையின் கருவுணவைத் தின்று அருகிலேயே வளர்ந்தது. அரை மில்லிமீட்டர் நுனியில் ஒரு வாழ்க்கை வரலாறு.

கூமாக்குக்குப் பிறகு 2004-இல் பூஷேயின் குழுவும் உள்ளூர் அறிஞர்களும் சேர்ந்து பிலிப்பைன்ஸின் பங்லாவ் தீவில் பெரிய தேடலை நடத்தினார்கள். அங்கே அவர்களுக்கு ஆசிரியர்களாக வாய்த்தவர்கள் மீனவர்கள். பழைய வலைகளைச் சுருட்டிக் கட்டி, பவளத்திட்டின் செங்குத்தான சரிவில் ஆழத்தில் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். லூமுன்-லூமுன் என்பது அதன் பெயர். சுருட்டிய வலையின் இடுக்குகள் சிற்றுயிர்களுக்குப் புதிய குடியிருப்பு. பிறகு மேலே இழுத்து உதறினால், வாரியும் முழுகியும் எட்டாத சரிவுகளில் ஒளிந்திருந்த சங்குகளும் நண்டுகளும் கொட்டும். அபூர்வச் சங்கு விற்பனைக்காக மீனவர்கள் கண்டுபிடித்த உத்தி, அறிவியலுக்குப் புதிய கதவைத் திறந்தது. கடலோடு அன்றாடம் புழங்குகிறவரின் கை அறிந்ததைக் கல்விமான் பணிந்து கற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்ததா? முடியவில்லை. புதியது என்று சந்தேகிக்கும் ஒரு சங்குக்குப் பெயர் வைக்க, அதன் உறவினர்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நூறாண்டுக்கு முன் இலண்டனிலோ பாரிஸிலோ பாதுகாப்பாக வைத்த மூல மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். இப்போது மரபணுவையும் படிக்கிறார்கள். வெளியே ஒன்று போலத் தெரிவது உள்ளே மூன்று இனமாகப் பிரிவதும் உண்டு. முடிவில் ஒரு மாதிரியைப் பெயர் தாங்கியாகத் தேர்ந்து, விவரித்து, அச்சிட வேண்டும். 2007-இல் பெயர் பெற்ற உயிரினங்களிலிருந்து 600-ஐ எடுத்து பூஷேயும் சகாக்களும் கணக்கிட்டபோது, ஒரு மாதிரி சேகரிக்கப்பட்ட நாளுக்கும் பெயர் பெறும் நாளுக்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் ஆகியிருப்பது தெரிந்தது. ஒரு பிள்ளை பிறந்து கல்லூரியை முடிக்கும் காலம். அதற்குள் அந்தச் சங்கு வாழ்ந்த திட்டே அழிந்து போயிருக்கலாம்.

தாமதத்துக்குக் காரணம் ஆள் பற்றாக்குறை. இனம் பிரித்துப் பெயரிடும் கலைக்குப் பல்கலைக்கழகங்களில் வேலையும் குறைவு, மதிப்பும் குறைவு. இதில் மனத்தைத் தேற்றும் செய்தி ஒன்றும் உண்டு. ஐரோப்பாவில் புதிதாகப் பெயர் பெறும் இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை விவரித்தவர்கள், அதைச் சம்பளத்துக்குச் செய்யாதவர்கள். தாமாகக் கற்று, வீட்டு மேசையில் நுண்ணோக்கி வைத்து, ஒரே ஒரு குடும்பத்தைப் பல ஆண்டுகள் ஆழ்ந்து படித்தவர்கள்.

இந்தப் பொடியால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்பது நியாயம். கூம்புச் சங்குகள் ஈட்டி போன்ற பல்லால் நஞ்சைச் செலுத்தி இரையைப் பிடிப்பவை. பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டோமெரோ ஒலிவேராவின் அமெரிக்க ஆய்வகத்தில், கோனஸ் மேகஸ் என்ற கூம்புச் சங்கின் நஞ்சிலிருந்து ஒரு சிறு புரதத் துணுக்கைப் பிரித்தெடுத்தார்கள். அதே அமைப்பில் செயற்கையாகச் செய்யப்பட்ட ஸிகோனோடைட் என்ற மருந்துக்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேறெதற்கும் அடங்காத கடும் வலியில் தவிப்பவர்களுக்குத் தண்டுவடத் திரவத்தில் செலுத்தும் மருந்து அது. கூம்புச் சங்குக்கு நெருங்கிய உறவான, நஞ்சு உடைய சிறு சங்குகளின் கிளை, மெல்லுடலிகளிலேயே மிகப் பெருத்தவற்றில் ஒன்று. அவற்றில் எத்தனையோ சில மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. பொடி என்று கொட்டுவதில் எத்தனை மருந்து போகிறதோ.

ஆனால் பயன் என்ற ஒரே தராசில் உயிரை நிறுக்க எனக்கு மனம் வரவில்லை. நான்கு மில்லிமீட்டருக்குள் இத்தனை நுணுக்கமாகக் கட்டிய வீட்டைப் பார்த்த பிறகு, அது நமக்கு எதற்கு என்ற கேள்வியே சிறுத்துப் போகிறது. அது இருக்கிறது, இருக்க வேண்டும்.

நியூ கலிடோனியாவின் நிக்கல் சுரங்கங்களிலிருந்து செம்மண் மழையோடு கழுவப்பட்டுக் கடலில் இறங்குவது அங்குள்ளவர்களின் நீண்ட நாள் கவலை. நம் கரையின் கவலைகள் வேறு. இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைக் கோத்த மன்னார் வளைகுடாவில் 560 சதுர கிலோமீட்டர் 1986-இல் தேசியப் பூங்காவானது. கூமாக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இங்கே மெல்லுடலி ஆய்வுக்கு நல்ல மரபு இருக்கிறது. முத்துச் சிப்பி வளம் ஏன் வருகிறது, ஏன் போகிறது என்று அறிய 1902-இல் விலங்கியலாளர் ஹெர்ட்மனோடு இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் ஹார்னெல், பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்தி, 1914-இல் நம் சங்கைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எஸ். டி. சத்தியமூர்த்தி, பாம்பனை ஒட்டிய குருசடைத் தீவின் மெல்லுடலிகளை ஒவ்வொன்றாக விவரித்து, 1952-இலும் 1956-இலும் இரண்டு பகுதிகளாக வெளியிட்டார். இன்றும் இந்தக் கரையில் சங்கு பார்க்கிறவர்கள் முதலில் புரட்டுவது அவற்றைத்தான்.

அந்த மரபை அடுத்த படிக்குக் கொண்டுபோக வேண்டும். தூரிகையும் உறிஞ்சுகுழாயும் சல்லடையும் நுண்ணோக்கியுமாக, கடற்புல் திட்டு, பவளத்திட்டு, சேற்றுத்தரை என்று ஒவ்வோர் இருப்பிடமாக, நான்கு மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கி எண்ண வேண்டும். இழுவைமடி கடலடியை வாரிக்கொண்டு வரும்போது, மீனைப் பொறுக்கிய பிறகு தளத்தில் மிஞ்சும் குப்பையில் என்னென்ன போகிறது என்பதை அப்போதுதான் சொல்ல முடியும். 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் நாட்டிலஸும் ராட்சதச் சிப்பிகளும் வேறு சில பெரிய சங்குகளும் சேர்க்கப்பட்டன. நல்லது. ஆனால் சட்டத்தின் அட்டவணையில் ஏற ஒரு பெயர் வேண்டும். பெயரில்லாதது தொலைந்தால், தொலைந்தது என்று புகார் எழுதக்கூட வழியில்லை.

சில வாரம் கழித்து அந்த எதிர்ச்சுற்றுச் சங்கைச் சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, கிடைத்த இடமும் தேதியும் எழுதிய சீட்டோடு மறுபடி பாம்பனுக்குப் போனேன். கடைக்காரரிடம் கைலென்ஸைக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடி, குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சங்குகளோடே புழங்கிய கண் அது. நான் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொண்டதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அய்யா, இது வலம்புரியால்ல இருக்கு!”

குப்பியை என்னிடம் தந்துவிட்டுச் சாக்கின் பக்கம் குனிந்தார். பொடியில் ஒரு பிடி அள்ளி, ஒரு பெரிய சிப்பி ஓட்டில் கொட்டி, லென்ஸைக் கண்ணருகே வைத்து விரல் நுனியால் துழாவத் தொடங்கினார். குவியல்களுக்கு நடுவே அந்தச் சிப்பி ஓட்டுக்கும் ஓர் இடம் கிடைத்தது.